இடது உதட்டோரம்

ஜூன் 2, ஞாயிறு

அக்காவை வரையத் தொடங்கி இது மூன்றாவது ஞாயிறு. காலை ஒன்பது மணி வெளிச்சம், ஜன்னலோர நாற்காலி, அதே நீலச் சால்வை. பேருந்து நிலையத்தில் இருபது வருடமாக மைக்கில் அறிவிப்புச் செய்கிறவளை வாயை மூடி உட்காரச் சொன்னால் எப்படி? ஒரே புலம்பல். தெருமுனை ஸ்டுடியோக்காரர் என்றால் பத்து வயது குறைத்துக் கொடுப்பாராம், நான் ஒரு மருவைக்கூட மறைக்க மாட்டேனாம். உள்ளதை உள்ளபடி வரைகிறவன் நான், வேண்டுமென்றால் அவரிடமே போ என்றேன். சிரித்தாள், வழக்கம்போல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஜூன் 9

இடது உதட்டோரம் தப்பாக வந்திருக்கிறது. போன வாரம் சற்று மேலே வைத்துவிட்டேன். சுரண்டி எடுத்து, ஒரு நூல் கீழே இறக்கினேன்.

ஜூன் 16

மறுபடியும் அதே இடம். முப்பது வருடம் முகம் வரைந்தவனுக்கு ஒரு உதடு பிடிபடவில்லை என்றால் வெட்கக்கேடு. தலையைச் சாய்க்காதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். "நான் நேராத்தான்டா உக்காந்திருக்கேன்," என்றாள். சுரண்டினேன்.

ஜூன் 23

இன்று இடது இமையும். என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஜூன் 30

அப்பாடா, சரியாக வந்துவிட்டது. அந்த இடது பக்கத்தில் ஒரு களைப்பு. அவள் பட்டதெல்லாம் அதில் தெரிகிறது. நான் வரைந்ததிலேயே உண்மையான முகம் இதுதான். என் முதுகில் நானே தட்டிக்கொள்கிறேன்.

ஜூலை 3

அக்கா குடித்த தேநீர் இடது உதட்டோரம் வழிந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. 'பிளாட்பாரம்' என்ற சொல் குழறுகிறது என்று நிலையத்தில் ஒரு வாரமாகவே சொல்கிறார்களாம். கோளாறு மைக்கில்தான் என்று மைக்கை மாற்றினார்களாம்.

ஜூலை 5

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். ரெண்டு மூணு நாளாக என்றாள் அக்கா. நான்தான் சொன்னேன், ஜூன் ஒன்பதிலிருந்து என்று. எப்படி இவ்வளவு துல்லியமாக என்றார். என்ன சொல்வது? ஞாயிறு தவறாமல் அளந்து வைத்திருக்கிறேனே.

"ஒரே நாள்ல வந்திருந்தா பெரும்பாலும் தானா சரியாகிடும். கொஞ்சம் கொஞ்சமா வந்ததுதான் கவலை," என்றார். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான். கை தப்பு, கண்ணாடி தப்பு, அவ உக்காந்தது தப்பு – முகம் மாறுதுன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோணக் கூடாதா? நாலு வாரமா என்னத்தடா பாத்துக்கிட்டிருந்தே?

ஜூலை 12

காதுக்குப் பின்னால் கட்டி. முகத்துக்குப் போகும் நரம்பைச் சுற்றியிருக்கிறது. நரம்போடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் காகிதத்தை மடித்தார்.

ஜூலை 22

அறுவை முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இடது பக்கம் அசையவில்லை, இனி அசையவும் அசையாது. மைக்கில் வேறொரு பெண் பேசுகிறாள். அக்காவைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று அவளாகவே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "என் பழைய முகத்தைப் போடுடா. எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துடும்போல இருக்கு."

சரி என்றேன். தூரிகையை எடுத்த பிறகுதான் உறைத்தது, அந்த முகம் என்னிடம் இல்லை. வாராவாரம் நானே சுரண்டி எறிந்துவிட்டேன். கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிறவள். இருக்கும் ஒரே போட்டோ ஸ்டுடியோக்காரர் எடுத்தது. அதில் மரு இல்லை, சுருக்கம் இல்லை, அக்காவும் இல்லை. எதிரே இருப்பதை மட்டுமே வரையப் பழகிய கை இது. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், கண்ணை மூடினால் அந்த இறங்கிய உதடுதான் வந்து நிற்கிறது. நான் என்ன செய்வேன்?

செப்டம்பர் 15

வலது பக்கத்தைத் திருப்பி இடது பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பொம்மை மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 29

முடித்துவிட்டேன். முழுக்க முழுக்கக் கற்பனை. யாரோ ஒருத்தி, வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள். மரு மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது. அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டார்.

"நான்தான். என் தம்பி வரைஞ்சது. உள்ளதை உள்ளபடிதான் வரைவான்," என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.