கரை ஏறியதும் மாட்டு

ரைவோ,

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. பள்ளிச் சமையலறைக்குக் கிளம்புகிறேன். பட்டாணி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக் குடி. கார் சாவியை நேற்றுக் கோபத்தில் நான்தான் ஒளித்து வைத்தேன். ரொட்டி டப்பாவில் பார்.

உன் அக்கா மாரெட்டை அழைத்துவர இன்றைக்கே மறுகரைக்குப் போக வேண்டுமா? போவாய், தெரியும். உறைந்த கடல்மேல் ஓட்டும்போது சீட் பெல்ட் போடக் கூடாதுதான். பனி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். தீவில் பிறந்தவனுக்கு நான் சொல்லவா? கடல்மேல் எனக்குப் பயமில்லை. கரை ஏறிய பிறகுதான் பயம். கழற்றிய பெல்ட்டை நீ திரும்ப மாட்டுவதே இல்லை.

நேற்றும் அப்படித்தான். தார்ச்சாலை மழையில் நனைந்தது போலக் கறுப்பாகக் கிடந்தது. அது ஈரமில்லை, பனிக்கட்டி. கார் வழுக்கிச் சுழன்று நின்றதும், "அதான் ஒண்ணும் ஆகலையே, எதுக்குடி கத்தற?" என்றாய். கரை ஏறியதும் என்னையும் குழந்தையையும் மாட்டச் சொன்னவன், உன்னுடையதை மட்டும் மறந்துவிட்டாய். அதற்குத்தான் கத்தினேன்.

பாலத்தின்மேலும் அந்தக் கறுப்புப் பனிக்கட்டி இருக்கும், பிரேக்கைத் தொடாதே. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு.

ஹெல்வே

வாசற்படியிலும் அதே பனிதான். ஈரம் என்று நினைத்துக் கால் வைத்து இப்போதுதான் விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவியிருக்கிறேன், பார்த்து இறங்கு.

இதைப் படித்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டா" என்று சிரிப்பாய். சிரி. பெல்ட்டை மாட்டிக்கொண்டு சிரி.