எட்டு கேன்

அக். 3, வெள்ளி. புழுக்கம். மேகம் மட்டும்.

இன்று சொல்லாமல் விட்டவை: "அப்பா, கையெழுத்துப் போடாதீங்க." "மேலே வந்து என் கட்டிலைத் தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரம்." மூன்றாவது ஒரே ஒரு சொல். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

காண்ட்ராக்டர் தங்கவேல் மனைவியோடு வந்தார். ஞாயிறன்று அவருடைய புது வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை. தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை. பத்திரிகைக்கு அடியில் ஒரு தாள்: 'மொட்டைமாடி வேலை முழுத் திருப்தியாக முடிந்தது.'

"ஏனுங்ணா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, செவ்வாக்கெழம இன்சூரன்ஸ் ஆபீசுல சேத்திப்போடுவனுங்க. மீதிப் பாதியும் வந்துருமுங்க."

விசேஷத்துக்கு அழைக்க வந்தவரிடம் முடியாது என்று சொல்லக் கூடாதாம். அப்பா போட்டார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக். 4, சனி. காலையில் தூறல். வாளி 2: கட்டிலில் ஒன்று, புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று.

கோபத்தில் மறந்துவிடாமலிருக்க: ஜூலைக் காற்றில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை எங்கள் மாடியில் விழுந்தது. கைப்பிடிச் சுவர் போனது. தளத்து ஓடு நொறுங்கியது. இன்ஷூ. பாதிப் பணம் கொடுத்தது, அப்படியே தங்கவேலுக்குப் போனது. மீதிப் பாதி, வேலை முடிந்தது என்று அப்பா எழுதிக் கொடுத்த பிறகு. எழுதிக் கொடுத்துவிட்டால் ஃபைல் மூடிவிடும். அப்புறம் ஒழுகினால் எங்கள் பாடு. ஐப்பசி மழைக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்.

பஸ் ஸ்டாப்பில் மல்லிகா அக்கா. எங்கள் மாடியில் ஒரு மாதம் மண் சுமந்த சித்தாள். இன்னும் ஒழுகுகிறது என்றேன். சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணு, நான் சொன்னேன்னு யார்த்தகிட்டயும் சொல்லிப்போடாத. ஒழுகாமப் பூசறதுக்கு உங்கூட்டுல மருந்து எறக்குனாங்கல்ல, எட்டு கேனு? மறுநாளே டெம்போவுல ஏத்தி அவரு புது ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. உங்குளுக்கு வெறும் சிமெண்டுப் பாலுதான்."

சொல்ல மாட்டேன் என்று கையைப் பிடித்தேன். பஸ் வந்துவிட்டது.

மதியத்திலிருந்து யோசனைகள்:
– இன்ஷூ. ஆபீசுக்கு மெயில். (அப்பாவின் கையெழுத்தே அப்பாவுக்கு எதிராக நிற்கும்.)
– அவர் காரில் கீறல். சிறுபிள்ளைத்தனம். ஆனாலும் கால் மணி நேரம் நினைத்துப் பார்த்தேன்.
– அவர் மாடியில் குழாயைத் திறந்துவிடுவது. ஒழுகாது. எங்கள் மருந்து.

எத்தனை பழிவாங்கும் கதைகள் படித்திருக்கிறேன். அதிலெல்லாம் கத்தியோ விஷமோ கைக்குக் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பத்திரிகை.

சரி. போகலாம்.

அக். 5, ஞாயிறு. நல்ல வெயில்.

மதுக்கரைக்குப் பக்கம். வெள்ளை வெளேரென்று வீடு. பந்தியில் சந்தகை. இரண்டு முறை வாங்கிக்கொண்டேன், அதையும் மறைப்பானேன்.

தங்கவேல் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். "இருவது வருசத்துக்கு ஒரு சொட்டு எறங்காதுங்க, எழுதியே தாரேன்." அப்பா தளத்தைத் தடவிப் பார்த்து, "நல்லாப் பண்ணிருக்கீங்க" என்றார். என் பற்கள் வலித்தன.

கீழே மொய் மேசை. நோட்டோடு ஒரு கண்ணாடிக்காரர், முன்னால் மைக். அப்பா கொடுத்த கவர் என் கைப்பையிலேயே இருந்தது.

"பேருங்க அம்மணி?"

ஊரையும் அப்பா பெயரையும் சொன்னேன்.

"எவ்வளவுங்க?"

"பணமில்லீங்க, பொருளு. மாடிக்குப் பூசற வாட்டர்புரூஃப் மருந்து, எட்டு கேன். முன்னாடியே வந்து சேந்துருச்சுங்க."

எழுதினார். மைக்கில் படித்தார்: "சிங்காநல்லூர் சுப்பிரமணியம், வாட்டர்புரூஃப் மருந்து, எட்டு கேனு!"

பந்தியிலிருந்து ஒரு குரல்: "அட, இது புதுசா இருக்குதே! எங்கூட்டு விசேசத்துக்குக் கம்பியும் சிமெண்டும் எழுதுங்கப்பா!"

ஒரே சிரிப்பு. தங்கவேலின் மேஸ்திரிகள், கம்பிக்கடைக்காரர், புதிதாக வீடு கட்டக் கேட்டு வந்திருந்தவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிகள்தான் முதலில் நிறுத்தினார்கள். தங்கவேல் படிக்கட்டில் நின்றுவிட்டார். அந்த முகத்தைச் சாகும்வரை வைத்துக்கொள்வேன்.

"அம்மணி, கொஞ்சம் இப்புடி வாங்க. யாரு சொன்னாங்க?"

"சந்தகை ரொம்ப நல்லா இருந்துச்சுங்ணா."

வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது அப்பா: "கூப்புட்ட ஊட்டுல போய் இப்படிப் பண்ணுவாங்களா?"

பண்ணுவார்கள்.

அக். 6, திங்கள். காலை ஏழு மணிக்கு டெம்போ. எட்டு புதுக் கேன், சீல் உடைக்காதவை. எண்ணினேன். இரண்டு முறை.

தங்கவேல் வெள்ளிக்கிழமைத் தாளை அப்பாவிடம் திருப்பி நீட்டினார். "வேல முடிஞ்ச பொறவு வேற எழுதிக்கலாமுங்ணா." அப்பா காபி குடிக்கச் சொன்னார். குடித்தார். தாளை நான் நான்காகக் கிழித்தேன், அவர் டம்ளரை வைப்பதற்கு முன்.

மாடியில் பதித்த ஓடுகளையெல்லாம் பெயர்க்கிறார்கள். என்ன இனிமையான சத்தம்.

அக். 17, வெள்ளி. நேற்றிலிருந்து விடாத மழை. வாளி 0.

இன்ஷூ. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். புதுத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். மீதிப் பணம் வந்ததும் தங்கவேலுக்குப் போகும். போகட்டும்.

இத்தனை நாளில் மல்லிகா அக்கா ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. இன்றுதான் மேஸ்திரியிடம் கேட்கத் தோன்றியது.

"அந்தப் புள்ளைங்களா? புண்ணியார்ச்சனை அன்னிக்கே அண்ணன் நிறுத்திப்போட்டாருங்க. டெம்போவுல ஏத்துனது அவ ஒருத்திதானுங்களே."

பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு வால்பாறைக்கு, தங்கை இருக்கும் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போய்விட்டாராம்.