எங்கே போகிறாய் என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை அம்மா சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது நீங்கள் கொடுத்த கறுப்பு வினிகர் போத்தலைத் திறந்துவிட்டாள். அந்தமானில், இந்தப் பாம்பூஃப்ளாட் ஊரில் எங்களுக்கு இரண்டே அறைகள். வாசனை எங்கும் நிறைந்துவிட்டது.

"என்னா புள்ள இது, கெட்டுப்போன புளித்தண்ணி மாதிரி நாறுது. தூக்கி வீச வேண்டியதுதானே?"

வாங்கி மூடி, உள்ளே தள்ளி வைத்தேன். நான் ஊர் திரும்பிய நாளில் இதை நீங்களே என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வினிகர்தான். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

சீனாவில் உங்கள் ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தபோது எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். வீட்டார் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். யார் வந்து பெயர் கேட்டாலும் "எதுக்குக் கேக்குறீங்க?" என்று முதலில் கேட்பது அப்பாவின் பழக்கம். சுனாமியில் தோட்டத்து லயன் வரிசையில் இருந்த எங்கள் வீடும் போனது, அப்பாவும் போனார். அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நீங்களோ கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெளிநாட்டு ஆசிரியர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் உங்களுக்கு வேலை. என் அறைக்குக் கீழே உங்கள் மேசை. சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், ஏன் கல்யாணம் ஆகவில்லை, நேற்று ஏன் விளக்கு எரிந்தது. முதல் வாரத்திலேயே என்னை "மெய்மெய்" என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். தங்கை என்று அர்த்தமாம். ஒரே வாரத்தில் யாரும் யாருக்கும் தங்கையாக முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் பாதி ஆங்கிலமும் பாதிச் சீனமுமாகப் பேசியது எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில்தான் நினைவிருக்கிறது. தினமும் காலையில் படியிறங்கும்போது கேட்பீர்கள்: "எங்க போற மெய்மெய்?"

வெளியே கிளம்புகிறவர்களை எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கவே மாட்டார்கள். கேட்டுவிட்டால் போன காரியம் விளங்காது. அம்மாவாக இருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். நானும் அப்படியே செய்தேன். நீங்கள் கேட்டதும் மாடிக்கு ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, திரும்ப இறங்குவேன். நீங்கள் அங்கேயே நின்றிருப்பீர்கள்.

"தெனமும் எதையாவது மறந்துட்டுப் போறியே. இந்த வயசுலயேவா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். வகுப்பில் அதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்து உருண்டார்கள். "எங்க போற" என்பது கேள்வியே இல்லையாம், எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்பது போலவாம். "கடைக்குத்தான்" என்றாலே போதுமாம். அவர்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். நம்பவில்லை.

நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊருக்குள் போகும்போதெல்லாம் நீங்கள் கூடவே வந்தீர்கள். வாசல்வரை வந்தால் மரியாதை. நீங்கள் கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை வந்து, நான் எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்று பார்த்து, அது திரும்பி மறையும்வரை நிற்பீர்கள். "போங்க அக்கா, குளிருது" என்று சொன்னால், "நீ போ, நீ போ" என்று கையை ஆட்டுவீர்கள். விருந்தினரை அப்படித்தான் வழியனுப்புவது என்று புத்தகத்தில் படித்தேன். ஆனால் மாதக்கணக்கில் அங்கேயே குடியிருப்பவள் எப்படி விருந்தினர் ஆவாள்?

பிறகு அந்த வரைபடம் வந்தது. என் ஊர் எங்கே என்று மாணவிகள் கேட்டதால் கரும்பலகையில் எங்கள் தீவுகளை வடக்கிலிருந்து தெற்காக வரைந்தேன். கச்சாலில் ஒரு புள்ளி வைத்து, வீடு இருந்த இடம் என்றேன். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த வாரம் உங்கள் அலுவலகத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வகுப்பில் ஏன் வரைபடம் போட்டேன், அந்தத் தீவுகளில் கடற்படை இருக்கிறதா, எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது யார் என்று கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. என் சம்பளத்தை நம்பித்தான் அம்மா இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தேன். கடைசியில் அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "உன் அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது."

அப்பாவைப் பற்றி அந்த ஊரில் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் உங்கள் மேசை முன்னால் வந்து நின்றேன். யாரிடமும் நான் அப்படிப் போய் நின்றதில்லை.

"என்னப் பத்தி அவங்ககிட்ட சொல்றீங்களா?"

நீங்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"சொல்றேன். வாராவாரம் கேக்குறாங்க."

"எங்கப்பாவையுமா?"

"எதையாவது சொல்லித்தான் ஆகணும் மெய்மெய். ஒண்ணுமே சொல்லலேன்னா அவங்களாவே யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. உங்களால் புதுப்பிக்கப்பட்டதா, உங்களையும் மீறியா என்று தெரியவில்லை. என் அப்பாவை எடுத்துக் கொடுத்து என்னை மீட்டீர்கள் என்று சில நாள் நினைப்பேன். இன்னும் சில நாள், முதலில் மாட்டிவிட்டதே நீங்கள்தான் என்று நினைப்பேன். அதன்பிறகு இருந்த ஓராண்டும் உங்கள் கேள்விகளுக்கு "கடைக்குத்தான்" என்பதற்கு மேல் நான் பேசவில்லை. நீங்கள் பஸ் நிறுத்தம்வரை வருவதை நிறுத்தவுமில்லை.

ஊர் திரும்பினேன். இப்போது தினமும் படகில் சாத்தாம் துறைக்குப் போய், அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். தற்காலிக வேலைதான். நிரந்தரமாக்க போலீஸ் விசாரணை முடிய வேண்டும். அதற்காக ஒருவர் வருகிறார். சீருடை இல்லாமல் சாதாச் சட்டை போட்டிருப்பார், அன்பாகப் பேசுவார். அம்மா அவரைத் தம்பி என்கிறாள். கேட்காமலே தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். பாஸ்போர்ட்டில் சீன விசா இருக்கிறது. போனில் உங்கள் எண்ணும் இருந்தது. அது யார் என்று முதல் நாளே கேட்டார்.

முதல் தடவை அப்பா மாதிரி "எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவராகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை பதில் தயாராக வைத்திருந்தேன். நூடுல்ஸ் சாப்பிடும்போது நீங்கள் பச்சைப் பூண்டைக் கடித்துக்கொள்வதைச் சொன்னேன். குளிருக்கு இரண்டு கால்சட்டை போடுவதையும், கடலையே பார்த்ததில்லை என்பதையும், உங்கள் வீட்டுக்காரரின் குறட்டையையும் சொன்னேன்.

"அச்சா?" என்று சிரித்தார். "வீட்டுல என் பீவியும் என் குறட்டையப் பத்தி இதையேதான் சொல்லுவா."

உங்கள் தலைவரின் அறையில் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள், எதையெல்லாம் பொறுக்கி எடுத்திருப்பீர்கள் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுகிறேன். நானாகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

போன மழைக்காலத்தில் அங்கே என்னிடம் படித்த மாணவி ஒருத்தி எனக்குச் செய்தி அனுப்பினாள். உங்களுக்கு வயிற்றில் ஏதோ நோயாம், வசந்தத்திலேயே போய்விட்டீர்களாம். படித்ததும் அந்தச் செய்தியை அழித்தேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போன வாரம் மறுபடி வந்தார்.

"அந்த சைனாவாலி அக்கா எப்படி இருக்காங்க டீச்சர்? டீக் ஹை தானே?"

"நல்லா இருக்காங்க."

"பாருங்க, உங்க கேஸ்ல இது ஒண்ணுதான் பெண்டிங். அவங்களோட காண்டாக்ட் இல்லேன்னு ஆயிட்டாப் போதும், க்ளோஸ் பண்ணிரலாம்."

ஒரு வார்த்தை போதும் அக்கா. இறந்துவிட்டார் என்றால் வேலை நிரந்தரமாகிவிடும். ஆனால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: யார் சொன்னது? அந்த மாணவியின் பெயரைக் கேட்பார், பிறகு அவளுடைய அப்பா பெயரை. தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

அந்தப் பெண்ணுக்காக மட்டும்தான் மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. அவர் போன பிறகுதான் யோசித்தேன். இந்தத் தீவில் எத்தனையோ பாஷை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களைப் பற்றி விசாரிக்கிறவர் அவர் ஒருவர்தான். என் ஃபைலை மூடிவிட்டால் அவரும் கேட்க மாட்டார்.

அடுத்த மாதம் வருவார். உங்களுக்கு முட்டிவலி, படியேறச் சிரமப்படுகிறீர்கள் என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.