மூச்சோடு வரும் எண்ணெய்

அக்காவுக்கு,

விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு என்ன வேலை என்று போனில் கேட்டாய். நீ அழுதுகொண்டிருந்ததால் அன்று சொல்ல வரவில்லை.

சின்ன விமானத்தின் இன்ஜினும் மூச்சு விடும். அந்த மூச்சோடு எண்ணெய் ஆவியாகக் கலந்து வெளியேறும். அதைப் பிடிக்க ஒரு டப்பா உண்டு. ஆவி அதற்குள் சுழன்று சுவரில் மோதும். எண்ணெய் ஒட்டிக்கொண்டு கீழே வடியும், காற்று மட்டும் வெளியே போகும். வடிந்ததைச் சிலர் இன்ஜினுக்கே திருப்பி விடுவார்கள். நாங்கள் விடுவதில்லை. அதோடு ஆவியில் இருந்த தண்ணீரும் சேர்ந்து போய் உள்ளே துருப்பிடிக்கும். பாட்டிலில் பிடித்து அப்புறப்படுத்துவதுதான் என் வேலை.

பட்டாசு ஆலை விபத்துக்கு முந்தின நாள் மச்சான் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாயாம். வெடிமருந்து வாசனையில் அவர் இருக்கிறார் என்கிறாய். அங்கேதான் தினமும் விளக்கும் ஏற்றுகிறாய்.

வேலை விட்டு வந்ததும் அவர் வாசலிலேயே நிற்பார். "அடுப்ப அணைச்சிட்டு வா, சட்டையில மருந்து இருக்கு" என்பார். நீ அணைக்கும் வரை உள்ளே வரமாட்டார்.

துவைக்க உனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து துவைக்கிறேன். அதுவரை விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வை, அக்கா.

உன் தம்பி