மீட்டரில் ஐம்பது

ஜூலை 2, புதன்

கவினால் இன்று அப்பாவின் ஸ்கூல் வண்டியில் ஏற முடியவில்லை. யு.கே.ஜி. பையன். ஊருக்குப் போயிருந்து இந்த வாரம் இன்றுதான் வந்தான். போன வாரம் வரை தானாகக் கால் வைத்து ஏறியவன். இன்று படியில் முழங்காலை முட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். தூக்கி உட்கார வைத்தேன். "இவன் குட்டையாயிட்டானாக்கா?" என்று பின் சீட்டிலிருந்து யாழினி கேட்டாள். அவன் குட்டையாகவில்லை. வண்டி உயர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிய டயர்.

காலையிலிருந்து காற்று. வாசலெல்லாம் புழுதி. இரண்டு தரம் கூட்டியும் வீண்.

டயர் அத்தான் கொடுத்தது. அத்தை மகன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிறார். அக்காவுக்கு அவரைத்தான் பேசியிருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் பூ வைத்து நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று அத்தை. "ஸ்கூல் வண்டின்னாலும் ஒரு கெத்து வேணும்ல மாமா" என்று அவரே ஓட்டிப்போய், பளபள வீலோடு பெரிய டயராக மாட்டிக்கொண்டு வந்தார். பழைய நாலும் வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்குள்.

ஒடித்துத் திருப்பினால் டயர் எங்கேயோ உரசுகிறது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அகலமாக வளைத்துத் திருப்புகிறார்.

ஜூலை 4, வெள்ளி

வெயில். தலைவலி.

ஸ்கூலில் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். நான் கேட்டுக்குள் போவதில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே இருப்பேன். ஒன்பதோடு நின்றவள் யூனிபார்ம் கூட்டத்துக்குள் எதற்கு. ஆனால் ஆபீஸ் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. ஆபீஸ் சார் பேசியது எல்லாம் கேட்டது.

"அண்ணே, அம்பத்தஞ்சு காட்டுது. அம்பதுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல."

"அம்பதைத் தாண்டவே இல்லைங்க."

"பெட்டி பொய் சொல்லுமாண்ணே?"

பெட்டி என்றால் ஸ்கூல்காரர்கள் வண்டியில் மாட்டியிருக்கும் ஜி.பி.எஸ். வேகம் கூடினால் பெற்றவர்கள் போனுக்கெல்லாம் சொல்லிவிடும்.

அப்பாவா வேகம்? கீரனூர் ரோட்டில் அப்பாவை முந்தாத ஆள் இல்லை. "என்னண்ணே, பொண்ணழைப்புக்கா போறீக" என்று கேட்டுக்கொண்டே முந்துவார்கள்.

ஜூலை 7, திங்கள்

மறுபடியும். இந்தத் தடவை ஆபீஸ் சார் வண்டிக்கே வந்துவிட்டார். ஒரு பிள்ளையின் அம்மாவும் கூட. "எங்க பிள்ளைகளை வச்சுக்கிட்டு ரேஸ் விடுறீங்களா" என்றது அந்த அம்மா. அப்பா மீட்டரைக் காட்டி என்னென்னவோ சொன்னார். சார் சிரித்தார். "வயசான ஆளு. பொய் சொல்லாதீங்கண்ணே."

நான் அப்பா பக்கத்து சீட்டில்தான் வந்தேன். முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஐம்பதைத் தொட்டது, தாண்டவில்லை. நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தலையைக் குனிந்து பைகளை அடுக்கினேன். அடுக்கிய பைகளையே திரும்ப அடுக்கினேன்.

இரவு சாப்பாடு: கத்தரிக்காய்க் குழம்பு. அப்பா பாதியில் எழுந்துவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. வாழைத்தார் ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்திப்போனது. "டிரைவர் மாமா, எறங்கித் தள்ளட்டுமா" என்று கேட்டாள் யாழினி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போய்ச் சேருவதற்குள் பிரேயர் முடிந்துவிட்டது. லேட் என்று அதற்கும் ஒரு பேச்சு.

அம்மா: "கண்ணுல புரை விழுந்திருக்கும். முள்ளு எங்க நிக்கிதுன்னு தெரியல ஒங்களுக்கு." அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நாளை மத்தியானம் புதுக்கோட்டை, கண் ஆஸ்பத்திரி. துணைக்கு நான்.

ஜூலை 9, புதன்

வழி பார்க்க அம்மா போனில் மேப் போட்டுக்கொண்டு போனேன். மூலையில் வேகமும் காட்டியது. நார்த்தாமலை தாண்டி ரோடு நேராக இருக்கிறது. மீட்டரில் 50. போனில் 55. போன் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். திரும்பவும் 55.

டாக்டர் சொன்னது: தூரப் பார்வை நன்றாக இருக்கிறது. பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி.

அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "கண்ணும் சரி, மீட்டரும் சரி. அப்ப நாந்தான் பொய்யா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வரும்போது கி.மீ. கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் ஒரு கி.மீ. மீட்டரில் ஒன்று கூடுவதற்குள் கல் எங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. ஒவ்வொரு கல்லிலும். போன் சரி. மீட்டர்தான் குறைத்துச் சொல்கிறது. ஆனால் மீட்டர் போன மாதம் சரியாகத்தானே இருந்தது?

ஜூலை 10, வியாழன்

வேலை: துணி துவைக்க. பூ வைக்கும் நாளுக்கு வீடு ஒட்டடை. மாவு அரைக்க. அக்காவுக்கு ஜாக்கெட் ஹெம்மிங்.

கொடிக்கயிற்றைக் கட்டும்போது தோன்றியது. அதே கயிற்றால் தார்ப்பாய்க்குள் கிடந்த பழைய டயரைச் சுற்றி அளந்தேன், ஒரு முடிச்சு. வண்டியில் இருக்கும் புதுசில் மேலிருந்து தரை வரை பாதிச் சுற்றை அளந்து இரட்டித்தேன். முடிச்சைத் தாண்டிக் கிட்டத்தட்ட ஒரு சாண்.

சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும். எவ்வளவு பெரிய சக்கரம் என்று தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண் கூடப் போகிறது வண்டி. மீட்டர் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்பா அதை நம்பி ஓட்டுகிறார். பெட்டியும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அவுக ஆசையா வாங்கிக் குடுத்தது. அதுல ஒனக்குக் குத்தம் தெரியுதா?"

"குத்தம் இல்லக்கா, பெருசா இருக்கு..."

"பூ வைக்க இன்னும் மூணு நாள்தான் இருக்கு. நாலு வார்த்தை பேசாத ஊமை, இன்னைக்குத்தான் ஒனக்கு வாய் தெறக்குதாக்கும்."

ஜாக்கெட்டை அவள் மடியிலேயே போட்டுவிட்டு வந்தேன். ஹெம்மிங் பாதியில்.

ஜூலை 11, வெள்ளி

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பாவிடம் சொன்னேன். கல், போன், கயிறு, எல்லாம். வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"எனக்கு ஏன் தோணல" என்றார். பிறகு, "வெளிய பேசாத. மாப்ள குடுத்ததைக் கழட்டிப் போட்டா அத்தை என்ன நெனைக்கும்? கல்யாணம் முடியட்டும். நாப்பத்தஞ்சுலயே ஓட்டிக்குவோம்."

"ஒங்களைப் பொய் சொல்றீகன்னு சொன்னாங்களேப்பா."

"நமக்குத் தெரியும்ல. போதும்."

போதாது.

சாயங்காலம் ஆபீஸ் சார்: "திங்கக்கெழமை கரஸ்பாண்டன்ட் ஒங்களை வரச் சொன்னாங்கண்ணே. வேற வண்டிக்குச் சொல்லி வச்சாச்சு." அப்பா "சரிங்க" என்றார். அவ்வளவுதான். சரிங்க. பத்தடி தள்ளி நான். கவினின் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சார் மேல், அப்பா மேல், டயர் மேல். அதிகமும் என் மேல்.

அத்தான் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் அவரே கழற்றிவிடுவார். அவர் கழற்றினால் அப்பாவுக்குக் குறை இல்லை, அத்தைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் யார் சொல்வது? அவரிடம் நான் "வாங்க" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பூ வைத்தாயிற்று. மல்லிகை, கேசரி, வாசல் நிறையச் செருப்பு. அக்கா அழகாக இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

காபி கொடுக்கும்போது அத்தான் சொன்னார்: "புது டயர் போட்டதும் மாமாவுக்கு எளமை திரும்பிருச்சு. ஸ்கூல்லேர்ந்து கம்ப்ளெய்ன்ட்டாம்ல, பறக்குறார்னு." எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தட்டோடு உள்ளே போய்விட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சாமியானாக்காரன் வேன் வந்தது. வழி விட அத்தான் எங்கள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தனியாக. அம்மா போன் அலமாரியில் இருந்தது. எடுத்தேன். செருப்புக்கூடப் போடவில்லை.

முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அத்தான் திரும்பிப் பார்த்தார். "என்ன, சின்னவளா? எங்கிட்டுப் போகணும்?"

கதவைச் சாத்தினேன். ஜன்னலில் அக்கா நின்றாள்.

"மெயின் ரோட்டுக்கு. அம்பதுலயே ஓட்டுங்க அத்தான்" என்றேன். மேப் போட்டு, வேகம் தெரிகிற மாதிரி போனை மீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.