முட்டை வண்டியின் எஞ்சின்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நம் பிக்கப் வண்டியும் சுகம்தான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. எங்களைப் பற்றிய விசாரிப்பு அரைப் பக்கம், மீதியெல்லாம் டீசல் எஞ்சின். முதலில் டர்போ வந்தது, அப்புறம் கம்ப்யூட்டரே டீசலை அளந்து தெளித்தது, இப்போது புகையையும் வடிகட்டுகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே நீங்கள் ஓட்டும் வண்டி பூனை மாதிரி போகிறதாமே. ஆகவே நம்முடையதை, வெகுநாளாக விலைக்குக் கேட்கும் பெயிண்ட் கடைக்காரரிடம் தள்ளிவிட்டுப் புதுசு எடு என்று உத்தரவு. நானும் தலையாட்டினேன். சாவியைத் திருகி, எஞ்சின் சூடாகி ஹீட்டர் விளக்கு அணைவதற்குள் தலையே பின்னி முடித்துவிடலாம் இதில்.

பழகிப் பார்க்கலாமென்று செவ்வாயன்று தம்பியின் புது பிக்கப்பில் முட்டை ஏற்றி விற்கப் போனேன். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. பதினொரு தெரு சுற்றியும் ஒரு கதவு திறக்கவில்லை! நம் வண்டி தெருமுனையில் தடதடக்கும்போதே கூடையோடு வாசலுக்கு வருகிற ஜனங்கள். ஹாரன் அடித்தேன். தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து, குழந்த தூங்குது, யாருப்பா அது என்று திட்டிவிட்டு மூடிக்கொண்டார். முட்டை அப்படியே திரும்பி வந்தது. அப்புறம் மூன்று நாள் மூன்று வேளையும் முட்டைதான். இனி நான் கொக்கரிக்கத்தான் போறேன் என்றாள் சின்னவள்.

வெள்ளியன்று நம் வண்டியையே எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஏன் வரல என்று அதே தையல்காரம்மா சண்டைக்கு வந்தார்.

மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். இதுல கெட்டுப்போற மாதிரி என்னம்மா இருக்கு, ஆயில மாத்திட்டு ஓட்டிக்கிட்டே இரு என்றார்.

ஞாயிறன்று பெயிண்ட் கடைக்காரர் வந்து பேனட்டைத் திறந்து பார்த்தார். அவருக்கு எஞ்சின் பிடித்துப்போனதே எனக்குப் பிடிக்கவில்லை. விற்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் என்று போனவர் ஐந்தாவது வருஷத்தில் வண்டியை விற்கச் சொன்னதும், வரும் தேதி எங்காவது இருக்கிறதா என்று நான்கு பக்கத்தையும் மறுபடி தேடினேன். திரும்பி வருகிறவர் தன் வண்டியை விற்கச் சொல்வாரா? அன்றைக்கு அழுதேன்.

அடுத்த கடிதத்தில் எந்த எஞ்சினைப் பற்றியும் ஒரு வரி வேண்டாம். வரும் தேதியை மட்டும் எழுதுங்கள். எனக்குக் கால் எட்டவேண்டும் என்று முன்னால் இழுத்து வைத்திருக்கிற டிரைவர் சீட்டை, அன்று காலையிலேயே பின்னால் தள்ளி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி