பலகையில் தவறாக எழுதப்பட்ட காரணம்

அனுப்புநர்
மார்னி ஸ்டெனரூட்,
தீவனக் கடை, மில் தெரு,
ஆல்டர் ஃபோர்க்,
டாமராக் மாவட்டம், மொன்டானா.

பெறுநர்
திருமதி வெர்லா டிங்மன் அவர்கள்,
மாவட்ட ஆணையர்,
டாமராக் மாவட்டம்.

பொருள்: மாவட்டத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் நடந்த விபத்துக்குத் தவறான காரணம் பதிவானது – அறிக்கையைத் திருத்தவும் அறிவிப்புப் பலகையை மாற்றவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: திடல் பொறுப்பாளரின் விபத்து அறிக்கை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கணவர் ஆரின் ஸ்டெனரூட் தங்கள் மாவட்டச் சாலைத் துறையில் பனி அகற்றும் வண்டி ஓட்டுபவர். ஓய்வு நேரத்தில், புதிதாக வேட்டை உரிமம் பெறுவோருக்குச் சம்பளமில்லாமல் பாதுகாப்பு வகுப்பு எடுத்து வந்தவர். சென்ற அக்டோபரில், எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, பயிற்சித் திடலில் அவருடைய துப்பாக்கி வெடித்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மற்ற விரல்களுக்கும் பிடிப்பு இல்லை. வீட்டில் தயாரித்த தோட்டாவில் அளவுக்கு மீறி வெடிமருந்து நிரப்பியதே காரணம் என்று அறிக்கை சொல்கிறது. அது உண்மையல்ல என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனு.

2. அந்தத் துப்பாக்கியை நாங்கள் அவசரத்தில் வாங்கவில்லை. ஆரினுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, சுடும்போது தோளில் விழும் பழைய துப்பாக்கியின் உதை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் வேட்டைக்குப் போவது அடர்ந்த ஊசியிலைக் காடு. அங்கே எல்க் கண்ணில் படும்போது, எங்கள் கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை உள்ள தூரத்தில்தான் நிற்கும். தொலைதூரம் சுடும் துப்பாக்கிக்கு அங்கே வேலையில்லை. தாத்தாக்கள் காலத்து நெம்புகோல் துப்பாக்கி ஒன்று போதும் என்று தீர்மானித்தோம்: விசையைச் சுற்றியுள்ள கைப்பிடியைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் ரகம், பெரிய குண்டு, நிதான வேகம். அசல் பழையவை சிலவற்றைச் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்தோம். அழகுதான். ஆனால் அந்த இரும்பு எத்தனை பேர் கையில் என்னென்ன பாடு பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அதே வடிவத்தில் இன்றைய எஃகில் புதிதாகச் செய்த ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் என்னிடம், "அசலு வாங்குறவங்க செவுத்துல மாட்டுறாங்க, நகலு வாங்குறவங்கதான் காட்டுக்குப் போறாங்க" என்றார்.

3. கடையில் கிடைக்கும் தோட்டா ஆரினின் கழுத்துக்குக் கடுமையாக இருந்தது. அதனால் வீட்டிலேயே மெதுவான தோட்டா தயாரித்தோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர் தராசில் மருந்தை நிறுப்பார். நான் ஒவ்வொரு பித்தளை உறைக்குள்ளும் விளக்கடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நான் தலையாட்டாமல் எந்த உறையிலும் குண்டு ஏறியதில்லை. அதிக மருந்து என்ற பேச்சு எழுந்தால், அது என்னையும் சேர்த்துச் சொல்லும் குற்றச்சாட்டு.

4. எங்கள் குண்டுகள் எல்லாம் ஈயத்தில் வார்த்தவை, எல்லாம் தட்டைமுனை. இது அழகுக்காக அல்ல. இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுடும் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாயில் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். பின்னால் உள்ள தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் அடிப்பாகத்தில், துப்பாக்கியின் சுத்தியல் அடித்தால் தீப்பற்றும் சிறு பொட்டின் மேலேயே, இடித்துக்கொண்டிருக்கும். மூக்கு தட்டையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கூராக இருந்தால், துப்பாக்கி உதைக்கும்போது அந்த மூக்கே சுத்தியலாகிவிடும். ஆரின் தம் வகுப்பின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவார்.

5. விபத்து நடந்த காலையில் திடலில் இருந்தவர்கள் நாங்கள் இருவரும், பொறுப்பாளர் திரு. டுவெய்ன் மக்ரேயும். டுவெய்னும் ஆரினும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். குறியட்டையைக் குத்திவிட்டுத் திரும்பியபோது எங்கள் கைகள் விறைத்துப்போயிருந்தன. "நீ காப்பிய ஊத்துடா, குழாய நான் நிரப்புறேன். கடைசில உனக்கு ஒரு வேடிக்கை வச்சிருக்கேன்" என்றார் டுவெய்ன். "உன் வேடிக்கையெல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஆரின் சிரித்தார். நான் வண்டியிலிருந்து, துப்பாக்கியைத் தாங்கும் மணல் பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். டுவெய்னிடம் அதே அளவுத் தோட்டா போடும் துப்பாக்கி உண்டு. அது ஒவ்வொரு முறையும் ஒற்றைத் தோட்டா வைத்துச் சுடுவது. அதில் குழாய் கிடையாது. தொலைவிலுள்ள இரும்புத் தட்டுகளை அடிப்பதற்காக அவர் கூர்முனைச் செம்புக் குண்டுத் தோட்டாக்கள் வைத்திருப்பார். அவற்றில் இரண்டை முதலில் போட்டு, அவற்றுக்குப் பின்னால் எங்களுடையதை நிரப்பியிருக்கிறார் என்பது என் முடிவு. முதலில் போட்டது கடைசியில்தான் சுடும்; எங்கள் மெதுவான தோட்டாக்களுக்குப் பிறகு திடீரென்று வரும் பெரிய சத்தம்தான் அவர் சொன்ன வேடிக்கை. ஆரின் சுட்ட முதல் குண்டு குறியில் பட்டது. இரண்டாவதைச் சுட்டதும் இரண்டு சத்தம் கேட்டது.

6. அதன் பிறகு டுவெய்ன் செய்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் தம் பெல்ட்டைக் கழற்றி ஆரினின் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கி, அவரைத் தூக்கி எங்கள் வண்டியில் போட்டு, பனிமழையில் மலைப்பாதையைத் தாண்டி மருத்துவமனைக்கு ஓட்டினார். வழி நெடுக, "என்னப் பாரு ஆரின், தூங்கிறாத, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

7. அறிக்கையின் முடிவு ஏன் பொருந்தாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து அதிகமாகியிருந்தால் தோட்டா வெடிக்கும் அறைதான் சிதைந்திருக்கும். அறையும் மேல்குழலும் முழுசாக இருக்கின்றன. கடைசியாகச் சுட்ட உறை, கைப்பிடியை இழுத்ததும் வழக்கம்போல் நழுவி வந்தது. மருந்து மிகுந்திருந்தால் அது இறுகிக்கொண்டிருக்கும். கிழிந்திருப்பது அடிக்குழாய் மட்டுமே, அதுவும் முன்பக்கத்தில், ஆரின் இடது கையால் தாங்கியிருந்த இடத்தில். அவருடைய உள்ளங்கையிலிருந்து மருத்துவர் எடுத்துத் தந்த துண்டு செம்பு. எங்கள் வீட்டில் செம்புக் குண்டு ஒன்றுகூட இல்லை. துப்பாக்கி தங்கள் பாதுகாப்பில்தான் இருக்கிறது. தாங்களே பார்க்கலாம்.

8. அறிக்கை வந்த வாரமே திடலின் வாயிலில் பலகை ஏறியது. வெடித்த துப்பாக்கியின் படம், அதன் கீழே என் கணவரின் பெயர், அதற்கும் கீழே 'வீட்டில் தயாரித்த தோட்டாக்களுக்குத் தடை'. பாதுகாப்பு வகுப்பிலிருந்தும் அவரை நீக்கினார்கள். கடைக்கு வருபவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் ஒருவர் கோதுமைத் தவிட்டை நான் நிறுத்துக்கொண்டிருக்கும்போது, "மார்னி, இதையாவது சரியா நிறுத்துப் போடு" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மூட்டையைக் கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மருந்து நிறுக்கும் தராசைத் துணியால் மூடி வைத்தேன்.

9. நான் அப்போதே மனு எழுதியிருக்கலாம். ஆரின் விடவில்லை. செம்புத் துண்டைப் பார்த்த அன்றே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டுவெய்னுக்கு இந்த வேலைய விட்டா வேற ஒண்ணும் கிடையாது. அவன் பெல்ட் கட்டலைன்னா நான் இங்க உக்காந்து உன்னோட சண்டை போட்டுட்டு இருக்க மாட்டேன். ரெண்டு விரலு போச்சு, கூடப் பேரும் கொஞ்சம் போகட்டும். விடு" என்றார். டுவெய்ன் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்க் இறைச்சி கொண்டுவந்தார். அடுப்படியில் நின்று வெகுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு, "ரோடு வழுக்குது, கிளம்புறேன்" என்று போய்விட்டார். கணவரின் பெருந்தன்மையைக் குலைக்க எனக்கு என்ன உரிமை என்று நானும் குளிர்காலம் முழுவதும் பேசாமல் இருந்தேன்.

10. என் மனத்தை மாற்றியது சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவம். எங்கள் மணல் பைகளை எடுத்துவரத் திடலுக்குப் போயிருந்தேன். மரமில்லில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், எங்களுடையதைப் போன்றே புதிதாகச் செய்த நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை மேசையில் வைத்துக் குழாயை நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தவை கூர்முனைத் தோட்டாக்கள். நான் ஓடிப்போய்த் தோட்டா நுழைக்கும் வாயின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பயப்படாதீங்க. இது வீட்ல செஞ்சது இல்ல, கடைல வாங்குனது. பெட்டியக் கூடப் பாருங்க. போர்டப் படிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். உண்மைதான். அவர் பலகையைப் படித்து, அது சொன்னபடியே நடந்துகொண்டவர். விஷயத்தைச் சொன்னதும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அந்தத் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அவருடைய இடது கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

11. அம்மையீர், ஒருவர் பழியை ஏற்றுக்கொள்வது அவர் விருப்பம். ஆனால் தவறான காரணம் வாயிலில் தொங்கும்போது, அதை நம்பி உள்ளே வருபவர்களிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. மெதுவாகச் சுடும் நல்ல தோட்டாவை அது தடுக்கிறது. கையைக் கொண்டுபோகும் தோட்டாவை உள்ளே விடுகிறது. இதை ஆரினிடம் சொன்னேன். அவர் பனிவண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு, "எழுது. ஆனா பெல்ட்டையும் எழுது" என்றார்.

12. முதுகுக்குப் பின்னால் எழுதுவது முறையாகாது என்பதால், இதுவரை எழுதிய மனுவை அனுப்பும் முன் திரு. மக்ரேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தம் வீட்டுப் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். ஐந்தாம் பத்திக்கு வந்ததும் என்னிடம் பேனா கேட்டார். 'இரண்டை' என்பதை அடித்துவிட்டு 'மூன்று' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். "மூணு, மார்னி. வண்டி ஓட்டுறப்பவே எனக்குத் தெரியும். அறிக்கை எழுதும்போதும் தெரியும்" என்றார். அவராகவே தங்களை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் திருத்தத்தை அப்படியே விட்டிருக்கிறேன், கையெழுத்து அவருடையது.

13. எனவே நான் வேண்டுவது:

அடிக்குழாயையும், இத்துடன் அனுப்பியுள்ள செம்புத் துண்டையும் இம்மாவட்டத்தைச் சேராத ஒரு துப்பாக்கி வல்லுநரிடம் காட்டி, அறிக்கையிலுள்ள காரணத்தைத் திருத்த வேண்டும். அவர் ஆய்ந்து, தவறு எங்கள் தராசில்தான் என்று சொன்னால் அதையே எழுதுங்கள்; மறுக்க மாட்டேன்.

என் கணவரை மீண்டும் பாதுகாப்பு வகுப்புக்கு அழைக்க வேண்டும். கரும்பலகையில் எழுத அவருக்கு வலது கை போதும்.

திரு. மக்ரே மீது நடவடிக்கை எடுக்கும் நிலை வந்தால், ஆறாம் பத்தியை மறுபடி ஒருமுறை படித்த பிறகே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை நானும் என் கணவரும் சேர்ந்தே கேட்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பனி உருகித் திடலில் கூட்டம் சேர்வதற்குள், வாயிலில் உள்ள பலகையைக் கழற்ற வேண்டும். புதிய பலகைக்கு இந்த ஒரு வரி போதும்: 'தோட்டாக் குழாய் உள்ள துப்பாக்கியில் கூர்முனைத் தோட்டா போடாதீர்கள்.' அதன் கீழே யாருடைய பெயரும் வேண்டாம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) மார்னி ஸ்டெனரூட்

இடம்: ஆல்டர் ஃபோர்க்
நாள்: மார்ச் 19

இணைப்பு: செம்புத் துண்டு (சிறு குப்பியில்); மருத்துவரின் குறிப்பு; நாங்கள் தயாரித்த தட்டைமுனைத் தோட்டா ஒன்று (மருந்தில்லாமல்), ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.